மீன் ஏன் துள்ளலை, அப்பத்தா?

கேள்வி: பெங்களூரில் படிக்கும் என் பேரனுக்கு 9 வயது. கோடை விடுமுறைக்கு அவன் வரும் சமயத்தில்தான் எங்கள் கண்மாயில் மீன்பிடித் திருவிழா. ‘நானும் இறங்குவேன் தாத்தா’ என்று இப்போதே போனில் நச்சரிக்கிறான். மருமகளுக்குப் பயம். எனக்கு வேறு கவலை. அந்தக் கூட்டத்தில் ஒரு மீனும் சிக்காமல் பிள்ளை முகம் வாடிவிடக் கூடாது. முதல் நாளே ஒரு கட்லா வாங்கி வைத்திருந்து, அவனுக்குத் தெரியாமல் பையில் போட்டுவிடலாமா?
– ஒரு தாத்தா, மேலூர் பக்கம்

பதில்: ஐயா, பேரனைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். கட்லாவை மட்டும் வாங்காதீர்கள்.

நான் வாங்கியவள். எனக்குச் சிங்கம்புணரிப் பக்கம். மூத்த பேரன் பத்து வயதில் முதன்முதலாகக் கண்மாயில் இறங்கினான். உங்களுக்கு இருக்கிற அதே கவலைதான் எனக்கும். முந்தின நாள் சாயங்காலம் மார்க்கெட்டில் ஒன்றரைக் கிலோ கட்லா வாங்கி, ஐஸோடு சுற்றி வைத்துக்கொண்டேன். மறுநாள் அவன் ஒரு மணி நேரம் ஊத்தாவோடு (தண்ணீரில் குத்தி மீனை மடக்குகிற, மேலும் கீழும் திறந்த கூடை) மல்லுக்கட்டிவிட்டு வெறுங்கையோடு கரையேறினான். அவன் முகம் கழுவப் போன நேரத்தில் கட்லாவைச் சாக்குக்குள் போட்டேன். “உன் சாக்கைப் பாருடா, யாரோ உனக்குன்னு போட்டுட்டுப் போயிருக்காங்க” என்றேன். ஓடிவந்து கையை விட்டான். அப்புறம் பக்கத்துப் பையன்களின் சாக்குகளைப் பார்த்தான். அதெல்லாம் தரையில் கிடந்து உருண்டுகொண்டிருந்தன, உள்ளே அவ்வளவு துள்ளல். “இது ஏன் துள்ளலை, அப்பத்தா? சில்லுன்னு வேற இருக்கு” என்றான். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவனும் மேலே கேட்கவில்லை. ஆனால் அன்று மதியம் அந்தக் குழம்பை அவன் தொடவே இல்லை. இப்போது அவனுக்குக் கல்யாண வயது. அந்தக் கட்லாவைப் பற்றி இன்றுவரை நாங்கள் இருவரும் பேசியதில்லை.

அன்றைக்குப் பிடித்த மீனை எங்கள் பக்கம் யாரும் விற்பதும் இல்லை. சாமிக்குப் படைத்து, வீட்டில் ஆக்கித் தின்று, மிஞ்சினால் சொந்தபந்தத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட நாளில் காசு கொடுத்து வாங்கிய மீனைக் கொண்டுபோய் நுழைத்தேன். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அடுத்து பேத்தியைக் கூட்டிப்போனபோது எதையும் ஒளித்து வைக்கவில்லை. அவளுக்கு எட்டு வயது. இருவருக்கும் சேர்த்து ஒரே ஊத்தா. முதல் நாற்பது தடவை குத்தியதும் வெறும் சேறு. பக்கத்தில் நின்ற ஒருவர் இரக்கப்பட்டு இரண்டு கெண்டையை நீட்டினார். வாங்கிக்கொண்டாள், ஆனால் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒரு தடவை ஊத்தாவின் பக்கவாட்டில் ‘டொப்’பென்று ஒரு இடி. என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணை நான் இன்னும் மறக்கவில்லை. வெளியே எடுத்தது ஒரு சாண் நீளக் குரவை மீன், அவ்வளவுதான். வீடு வரைக்கும் சாக்கை யாரையும் தொட விடவில்லை.

மருமகளின் பயமும் நியாயமானதே. எங்கே இறங்குகிறோம், எப்போது இறங்குகிறோம் என்பதில்தான் பாதி பாதுகாப்பு. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஆயிரம் கால்கள் ஒன்றாக இறங்கும். அந்த முதல் கால் மணி நேரம் பேரனோடு கரையிலேயே இருங்கள். மீன் போய்விடும் என்று பதறாதீர்கள். தண்ணீர் கலங்கக் கலங்கத்தான் மூச்சு முட்டி மீன் மேலே வரும். கரையையும் மடையையும் ஒட்டிய பக்கம் ஆழம். கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் பக்கம், தண்ணீர் பையனின் தொடைக்குக் கீழே இருக்கும் இடமாகப் பார்த்து இறங்குங்கள். மண் அள்ளிய பள்ளங்கள் கலங்கிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இரண்டு நாள் முன்பே ஒரு நீளக் கம்போடு போய் அந்த இடத்தை நீங்களே குத்திப் பார்த்துவிடுங்கள். சீமைக் கருவேல முள்ளும் சேற்றில் புதைந்து கிடக்கும். பழைய கேன்வாஸ் ஷூவை இறுக்கிக் கட்டிவிட்டால் போதும்.

ஊத்தாவைப் புதிதாக வாங்க வேண்டாம், இரவல் வாங்குங்கள். ஊத்தாவைத் தரையில் வைத்து, மேல் வாய் வழியாக அவன் கையை அக்குள் வரை விட்டால் விரல் நுனி தரையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அது அவனுக்குப் பெரிது. தண்ணீரில் குத்தியதும் விளிம்பு சேற்றில் பதிகிற மாதிரி அழுத்தச் சொல்லுங்கள். இடுக்கு இருந்தால் மீன் நழுவிவிடும். உடனே கையை விடக் கூடாது. உள்ளே மீன் இருந்தால் மோதும், பிடித்திருக்கும் கைக்கே அது தெரியும்.

முதலில் உள்ளே போக வேண்டியது உங்கள் கை, துண்டு சுற்றிய கை. செதில் தட்டுப்பட்டால் கெண்டையோ குரவையோ விராலோ. கையை எடுத்துவிட்டு அவனைப் பிடிக்கச் சொல்லுங்கள். செதில் இல்லாமல் வழவழவென்று, மீசையோடு இருந்தால் கெளுத்தியோ தேளியோதான், அது உங்கள் வேலை. கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள். தேளி குத்தினால் தேள் கொட்டிய மாதிரி கடுக்கும். குத்திவிட்டால் கை தாங்குகிற சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரமாவது முக்கி வைக்க வேண்டும், சூட்டில் அந்த விஷத்தின் வீரியம் குறையும். சூட்டை உங்கள் கையால் பார்த்துவிட்டுப் பையன் கையை வையுங்கள். பிறகு காயத்தைக் கழுவி, டாக்டரிடம் காட்டி, தேவைப்பட்டால் டிடி ஊசி போட்டுவிடுங்கள். தண்ணீர்ப் பாம்பும் சில சமயம் ஊத்தாவுக்குள் மாட்டும். விஷம் கிடையாது, ஆனால் கடிக்கும். எந்தப் பாம்பு என்று அந்தக் கலங்கலில் யாருக்குத் தெரியும்? பாம்பு எது கடித்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால்? கிடைக்காது போகட்டும். கரையேறி உட்கார்ந்து, நீங்கள் சின்ன வயதில் வெறுங்கையோடு வீடு திரும்பிய நாளைச் சொல்லுங்கள். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் இருந்திருக்கும்.

கேள்வி: இப்படி ஒரே நாளில் மொத்தக் கண்மாயையும் அழித்துவிட்டால் அடுத்த வருடம் மீன் எங்கிருந்து வரும்?
– கல்லூரி மாணவி, பொன்னமராவதி

பதில்: எனக்கும் சின்ன வயதில் இதே சந்தேகம்தான், பாப்பா. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல் கண்மாய் நிரம்பி மறுகால் போனால், அந்தத் தண்ணீரோடு மீனும் கீழ்க் கண்மாய்க்கு இறங்கும். மடைப் பள்ளத்தில் தங்கிய தண்ணீரிலும் கொஞ்சம் பிழைத்துக் கிடக்கும். விரால் காற்றைக் குடிக்கும் மீன். ஈரச் சேறு இருந்தால் தாக்குப்பிடித்துவிடும். கட்லா, ரோகு மாதிரியானவற்றை ஊரில் குஞ்சு வாங்கித்தான் விடுகிறார்கள்.

ஆனால் கொசுவலையைக் கொண்டு அரிப்பதை நான் ஏற்க மாட்டேன். ஊத்தாவில் குஞ்சு தப்பிவிடும், கொசுவலையில் விரல் நக அளவுப் பொடிகூடத் தப்பாது. மழைக்காலத்தில் கண்மாய் ஓரமாகப் பார், தண்ணீருக்கு மேல் செம்பட்டையாக ஒரு கூட்டம் கொப்பளித்துக்கொண்டே நகரும். அது விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் அடியில் காவலுக்கு வரும். அப்போது தூண்டில் போட்டு அந்தப் பெரிய மீனைத் தூக்கினால் மேலே இருக்கிற கூட்டம் அத்தனையும் மற்ற மீனுக்கு இரை. வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் ஒரு நாள் கூட்டிப்போய், கரையில் நின்று அதைக் காட்டு.