தலைக்கனம் பிடித்தவர்கள்: கேள்வி பதில்

கேள்வி: முகமது அலியின் வாய்ச்சவடால் பிறவிக் குணமா, வியாபார உத்தியா?

பதில்: இரண்டும்தான். 1961-ல் லாஸ் வேகாஸில் கார்ஜியஸ் ஜார்ஜ் என்ற மல்யுத்தக்காரரைப் பார்த்தார் அலி. அப்போது அவர் பெயர் காஷியஸ் கிளே, வயது 19. ஜார்ஜ் பொன்னிறத் தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, எதிராளியை அப்படிச் செய்வேன், இப்படிச் செய்வேன் என்று பேசுவார். அவர் உதை வாங்குவதைப் பார்க்கவே ஜனங்கள் டிக்கெட் எடுத்தார்கள். பையன் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டான்.

1964 பிப்ரவரியில் உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் சோனி லிஸ்டனுடன் மோதல். எடை பார்க்கும் இடத்தில் கிளே போட்ட கூச்சலில் அவருடைய நாடித்துடிப்பு 120-ஐத் தொட்டது, பயந்துவிட்டான் என்றார்கள். லிஸ்டன் பக்கம் பந்தயம் 7-க்கு 1. அந்த லிஸ்டன் ஏழாவது சுற்றுக்கு ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கிளே கயிற்றோரம் போய், கீழே உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரர்களைப் பார்த்து, எழுதியதையெல்லாம் நீங்களே தின்னுங்கள் என்று கத்தினார். எங்கள் தொழிலுக்கு அந்த அடி தேவைதான்.

கேள்வி: ஜெயித்தால் என்ன வேண்டுமானாலும் பேசலாமா?

பதில்: கூடாது. இதற்கும் அலியையே சொல்கிறேன். வியட்நாம் போருக்குப் போக மறுத்து 1967-ல் பட்டத்தையும் லைசென்ஸையும் இழந்து நின்றபோது அவருக்குக் கைகொடுத்தவர்களில் சக குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேஸியரும் ஒருவர். அந்த மனிதரையே பிறகு வெள்ளைக்காரர்களின் ஆள் என்றார். 1975 மணிலா சண்டைக்கு முன்னால் ஒரு குட்டி ரப்பர் கொரில்லாவைப் பையிலிருந்து எடுத்து, இதுதான் ஃப்ரேஸியர் என்று நிருபர்கள் முன்னால் குத்திக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ஃப்ரேஸியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்க வேண்டியிருந்தது. அரசாங்கத்தையே எதிர்த்து நின்ற வாய், வறுமையிலிருந்து வந்த இன்னொரு கறுப்பரை மிதித்தது. அலியின் ரசிகன்தான் நான். இதற்கு மட்டும் சமாதானம் சொல்ல வராது.

கேள்வி: டென்னிஸ் வீரர் மெக்கன்ரோவால் கோபத்தை அடக்கவே முடியாதாமே?

பதில்: யார் சொன்னது? 1981 விம்பிள்டன் முதல் சுற்றில், பந்து விழுந்து சுண்ணாம்புத்தூள் பறந்ததே என்று நடுவரிடம் தாம்தூம் என்று குதித்தார். ஆனால் ஸ்வீடன் வீரர் போர்க் எதிரே நின்றால் பெட்டிப்பாம்பு. அவர் மேல் அவ்வளவு மரியாதை. ஆக, அடக்கத் தெரியும், மனசு வைக்க வேண்டும். 1990-ல் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபனில் மூன்றாவது தப்புக்கே ஆட்டத்தை விட்டு வெளியேற்றினார்கள். நான்கு வரை போகலாம் என்ற பழைய விதி மாறியது அவருக்குத் தெரியவில்லை!

கேள்வி: நிருபர் வேலைக்குப் புதிது. இத்தாலியப் பத்திரிகையாளர் ஓரியானா ஃபல்லாச்சி மாதிரி அதிரடியாகப் பேட்டி எடுக்க ஆசை.

பதில்: முதலில் அவர் மாதிரி படியுங்கள். ஆளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து முடித்துவிட்டுத்தான் எதிரே உட்காருவார். 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்ஸனின் ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர், தன்னைத் தனியாகக் குதிரையில் வரும் கௌபாய் என்று இவரிடம் பெருமையடித்துக்கொண்டு, பின்னாளில் தலையில் அடித்துக்கொண்டார். 1979-ல் ஈரான் தலைவர் கொமேனியிடம், பெண்கள் உடல் முழுக்கப் போர்த்திக்கொள்ளும் சாதரைப் பற்றிக் குடைந்தார். பிடிக்காவிட்டால் நீ போட வேண்டாம், அது ஒழுக்கமான பெண்களுக்கு என்றார் அவர். நல்லதாகப் போயிற்று என்று அங்கேயே கழற்றி எறிந்தார் ஃபல்லாச்சி. கொமேனி எழுந்து போய்விட்டார். உங்களுக்கான பாடம் அதற்கு அப்புறம்தான்: ஃபல்லாச்சி இடத்தைக் காலி செய்யவில்லை. காத்திருந்து, மறுபடி உட்காரவைத்துப் பேட்டியை முடித்தார்.

கேள்வி: நம்ம ஊர்க் கலைஞர்களில்?

பதில்: திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைதான். கச்சேரிக்கு நேரத்துக்கு வருவார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது; கூட்டிப்போனவர்கள் பட்ட பாடு பெரும்பாடு. ஆனால் நாதஸ்வரக்காரர் சட்டை போடக்கூடாது, நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், கிராப்பும் ஷெர்வானியுமாக வந்து, மேடை போட்டு உட்காரவைத்தால்தான் வாசிப்பேன் என்று நின்றவர். அதைத் திமிர் என்றார்கள். பின்னால் வந்த நாதஸ்வரக்காரர்கள் அத்தனை பேரும் அதன் பலனை அனுபவித்தார்கள். அவர் வாசித்த தோடி ராகத்தைக் கேட்டவர்களும் காத்திருந்த கோபத்தை மறந்தார்கள்.

கேள்வி: 12 வயது மகன் அவுட் ஆனால் பேட்டை வீசுகிறான், அம்பயரை முறைக்கிறான். கோச், 'ஃபயர் இருக்கிற பையன், விடுங்கம்மா' என்கிறார்.

பதில்: கோச்சையே அப்படி முறைக்கிறானா என்று பாருங்கள் அம்மா. அவரிடம் மட்டும் பம்முகிறான் என்றால் அடுத்த இரண்டு மேட்சுக்கு உட்காரவைக்கச் சொல்லுங்கள். பேட்டும் நீங்கள் வாங்கித் தந்ததுதானே?