அரைஞாணில் கட்டிய சாவி

அன்புள்ள ஐயா,

லெபனானின் ஷாதோ முசார் ஒயின் குடும்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்களுடையது அப்பா ஆரம்பித்த செக்கு எண்ணெய்த் தொழில். மகன் படித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறான். அந்தக் குடும்பம் 1930-லிருந்து ருசி மாறாமல் எப்படிக் காப்பாற்றியது? ஏழு வருடம் கழித்துத்தான் விற்பார்களாமே, உண்மையா? மதுவைப் பற்றி இவ்வளவு எழுதத்தான் வேண்டுமா?

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

ஏழு வருடம் என்பது உண்மைதான், அவர்களுடைய முதன்மையான சிவப்பு ஒயினுக்கு. மதுவைப் பற்றி இனியும் எழுதுவேன்.

ருசி மாறவில்லை என்று யார் சொன்னது? முசார் வருடத்துக்கு வருடம் மாறும். பழத்தோடு தோட்டத்திலிருந்து வரும் ஈஸ்ட்டே நொதிக்க வைக்கிறது. அந்த வருட வெயிலும் மழையும் எப்படியோ ஒயினும் அப்படி. 1984-இல் சண்டையில் பாதை அடைபட்டு, திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் பெக்கா பள்ளத்தாக்கிலிருந்து கசீரில் உள்ள ஆலைக்கு வரவேண்டிய லாரிகள் சுற்றி அலைந்தன. பழம் லாரியிலேயே நொதிக்கத் தொடங்கிவிட்டது. அப்போது ஆலையை நடத்திய செர்ஜ் ஹோஷார் அதையும் ஒயினாக்கினார். 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அவர்கள் ஒயின் எடுக்க முடியாமல் போனது 1976-இல் மட்டும்தான்.

அந்தப் பிடிவாதம் அவருக்கு எப்படி வந்தது? 1959-இல் பொறுப்பேற்கும்போது செர்ஜ் தன் அப்பா காஸ்தோனிடம் போட்ட நிபந்தனையை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்: ஒயினை என் வழியில்தான் செய்வேன், நீங்கள் விலகிக்கொள்ள வேண்டும். ஆலையைத் தொடங்கிய மனிதர் காஸ்தோன். விலகிக்கொண்டார்! முசாரின் கதையில் என்னை இன்றுவரை அசைப்பது குண்டுவீச்சு இல்லை, இதுதான்.

என் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். அண்ணன் பதினெட்டு வருடம் அந்தக் கடையில் நின்றார். பருப்பு எடைபோடுவார், கடன் வசூலிக்கப் போவார். கல்லாச் சாவி மட்டும் அப்பாவின் அரைஞாணில் தொங்கும். பித்தளைச் சாவி, வேர்வை பட்டுப்பட்டுக் கறுத்தது. அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போதுதான் அரைஞாணை அறுத்து அண்ணன் அதைக் கையில் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 46. எதையும் புதிதாகச் செய்துபார்க்கும் தெம்பு போய்விட்டிருந்தது. இரண்டே வருடத்தில் கடையை மூடினோம். அப்பா கெட்டவர் இல்லை. கடை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அத்தனை வருடமும் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் கடிதத்தில் செக்கின் வரலாறு ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. மகன் எதை மாற்றச் சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அதைக் கேட்கக்கூட இல்லை நீங்கள், அப்படித்தானே? கேட்காமலே பாரம்பரியம் போய்விடும் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் உங்கள் பயமும் எனக்குத் தெரியும். அதே பயத்தை அப்பாவின் முகத்தில் பார்த்து வளர்ந்தவன் நான்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது மகனிடம் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.