விபத்துக்குப் பிறகு எந்த பைக்?

கேள்வி: போன மாதம் திண்டுக்கல் பைபாஸில் விபத்து. எட்டு வருஷமாக ஓட்டிய 150 சிசி பைக்கை டோட்டல் லாஸ் என்று சொல்லிவிட்டார்கள், எனக்கு வலது கால் எலும்பு முறிவு. வேலைக்குத் தினமும் 40 கிலோமீட்டர் போக வேண்டும். அதே பைக்கா, 125 சிசியா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: முதலில் கால் தேறட்டும். பைக் வாங்க அவசரமே இல்லை, அதுவரை பஸ்ஸில் போங்கள்.

பழக்கத்துக்காக அதே மாடலை வாங்காதீர்கள். உங்கள் பாதை நெடுஞ்சாலை என்பதால் நான் ஏபிஎஸ் உள்ள வண்டியைத்தான் சொல்வேன். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா புது பைக்குகளுக்கும் அது கட்டாயம், 125 வரை கூட்டு பிரேக் (ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிப்பது) மட்டும் இருந்தாலும் விற்கலாம் என்று விதி வந்தது. மழையில் சடாரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பாற்றுவது ஏபிஎஸ்தான், ஆகவே 150, 160 சிசி பக்கமே இருங்கள். ஷோரூமில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும், பின்பிரேக்கை மிதிக்கும்போது அந்த வலது கால் வலிக்கவே கூடாது.

பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் (ஐடிவி) 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் டோட்டல் லாஸ். ஷோரூம் விலை கிடைக்காது, ஐடிவியை ஒட்டித்தான் பணம் வரும். பழைய ஆர்சி என்ன ஆகிறது என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னாளில் அந்த எண்ணில் எதுவும் உங்கள் தலையில் விழக்கூடாது.

அப்புறம், அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போடுங்கள். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருக்கலாம். ஐஎஸ்ஐ முத்திரையோடு புதிது வாங்குங்கள்.