ஹெல்த் சயன்ஸ், பிரெஞ்சு, இங்கிலிஷ் மூண்டையும் கம்பஸ்ல ஒண்டா படிக்க ஏலுமா?

கல்முனையில ஏ/எல் (உயர்தரம்) பயோ செய்யிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கா. ஹெல்த் சயன்ஸ்தான் படிக்க ஆசை, ஆனா பிரெஞ்சையும் இங்கிலிஷையும் விட மனமில்ல, மூண்டையும் சேர்த்துப் படிக்க வழி இருக்கா, வீட்டுல "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வைக்காத, ஒண்டைப் பிடி" எண்டு ஏசுறாங்களாம். நான் கிழக்குப் பல்கலைக்கழகத்துல நேர்ஸிங் டிகிரி முடிச்சவள், இப்ப மட்டக்களப்புப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில வேலை, பிரெஞ்சு மொழித் தேர்ச்சிப் படிகள்ல (ஏ1, ஏ2, பி1, பி2 எண்டு ஏறும்) பி1 முடிச்சு பி2வுக்குப் படிச்சிட்டிருக்கன், அதால இதை எனக்குத் தெரிஞ்ச அளவுல சொல்றன்.

முதல்ல நேரடியா சொல்லிடுறன், நம்ம நாட்டு அரச கம்பஸ்ல இந்த மூண்டும் சேர்ந்த ஒரு டிகிரி உங்களுக்குக் கிடைக்காது. இங்க ஏ/எல் ஸ்ட்ரீமையும் இசட் ஸ்கோரையும் (ஏ/எல் மார்க்ஸை வச்சுக் கணக்கிடுற தரப்புள்ளி) பார்த்துத்தான் சீட் தாறாங்க, பயோவால போனா எம்பிபிஎஸ், நேர்ஸிங், இப்பிடி ஒரு பீடத்துக்குள்ள போயிருவீங்க, அந்த டைம்டேபிள்ல வேற மூச்சு விடவே இடம் கிடக்காது. பிரெஞ்சை டிகிரிப் பாடமா எடுக்கிறதெண்டா களனிப் பல்கலைக்கழகம் இருக்கு, அது வேற பீடம் வேற உலகம், ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல உள்வாரி மாணவியா இருக்க விடமாட்டாங்க.

வெளிநாட்டுல இருக்கு. பிரித்தானியாவில ஓப்பன் யூனிவர்சிட்டி எண்டு ஒண்டு, 1969ல தொடங்கினது, அங்க ஓப்பன் டிகிரி எண்டு தாறாங்க, மொத்தம் 360 கிரெடிட், அதுக்குள்ள ஹெல்த் சயன்ஸ் மொடியூல் கொஞ்சம், பிரெஞ்சு கொஞ்சம், இங்கிலிஷ் கொஞ்சம் எண்டு நீங்களே அடுக்கிக்கலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்டைக் கவனிங்க, அந்த டிகிரியை வச்சு நேர்ஸாவோ வேற எந்த மருத்துவத் தொழிலுக்கோ பதிவு செய்ய ஏலா, வாட்டுல நிண்டு பழகின பயிற்சி அதுல இல்ல. கனடாவில ஒட்டாவா யூனிவர்சிட்டி இங்கிலிஷ், பிரெஞ்சு ரெண்டு மொழியிலயும் நடக்குது, இங்கிலிஷ்ல படிச்ச பிள்ளையள் கொஞ்சப் பாடத்தைப் பிரெஞ்சுல எடுக்கிற மாதிரி தனி ஏற்பாடும் இருக்கு, ஹெல்த் சயன்ஸும் அங்க படிக்கலாம். ஆனா வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு வருசத்துக்குப் பல பத்தாயிரம் டொலர் ஃபீஸ், ஸ்கொலர்ஷிப் இல்லாம நம்மட வீடுகள் அதை நினைச்சும் பார்க்க ஏலா.

அதால நான் சொல்றது இதுதான். கம்பஸ் சீட்டை, கம்பஸுக்கு வெளியால படிக்க ஏலாத பாடத்துக்குக் குடுங்க. மூண்டுலயும் அப்பிடிப்பட்டது ஹெல்த் சயன்ஸ் மட்டும்தான். ஊசி போடுறதையும் காயம் கட்டுறதையும் நோயாளியிட முகத்தைப் பார்த்தே "இவருக்கு ஏதோ சரியில்ல" எண்டு பிடிக்கிறதையும் யூடியூப்ல படிக்க ஏலாது, அனுபவமுள்ள பெரிய மிஸ்மாருக்கு, அதாவது மூத்த நேர்ஸ்மாருக்குப் பின்னால வருசக்கணக்கா நிண்டுதான் வரும். பிரெஞ்சு அப்பிடியில்ல, அதுக்கு வெளியில சோதனை இருக்கு, சேர்ட்டிபிகேட் இருக்கு, உலகம் முழுக்க ஏத்துக்கிறாங்க.

இங்கிலிஷ் நீங்க விரும்பாட்டியும் வரும். ஏ/எல்ல ஜெனரல் இங்கிலிஷ் இசட் ஸ்கோருக்குச் சேராது எண்டு பயோ பிள்ளையள் அதை எட்டியும் பார்க்கிறல்ல, மறுகா முதலாம் வருசத்துல அனட்டமி, ஃபிசியோலஜி எல்லாம் இங்கிலிஷ்ல வந்து இறங்கேக்க அழுற பிள்ளையள் எத்தனை பேர். வாட்டுல நோயாளி தமிழ்ல சொல்லுவார், கூட வேலை செய்யிறவங்கள்ல பாதிப்பேர் சிங்களத்துல கேட்பாங்க, நாம பெட்ஹெட் டிக்கட்டுல (நோயாளியிட விவரம் எழுதுற பதிவேடு) இங்கிலிஷ்ல எழுதணும், "நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது" எண்டு ஒரு மனிசன் சொன்னதை எரிவா அமுக்கமா குத்தா எண்டு கேட்டுப் பிரிச்சுச் சரியா எழுதாட்டி அடுத்த ட்யூட்டிக்கு வாறவ வேற ஒண்டைத்தான் விளங்கிக்குவா. இங்கிலிஷ் இலக்கியம் படிச்சா ஆஸ்பத்திரிக்கு என்ன பிரயோசனம் எண்டு கேட்கிறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்றது, ஒரு ஆளிட கதையைப் பொறுமையாக் கேட்டு அதுல எது முக்கியம் எண்டு பிடிக்கிற பழக்கம் வாட்டுல தேவை. டிகிரியாவே வேணுமெண்டா வேலைக்கு வந்த பிறகு நம்மட திறந்த பல்கலைக்கழகத்துல செய்யலாம், மட்டக்களப்புலயே பிராந்திய நிலையம் இருக்கு. வெளிநாட்டு வேலைக்கெண்டா ஓஈடி எண்டு மருத்துவத் தொழில்காரருக்கான இங்கிலிஷ் சோதனை இருக்கு, அதுல எழுதுற பகுதியே ஒரு நோயாளியைப் பத்தின கடிதம்தான், பேசுற பகுதி நோயாளியோட கதைக்கிற மாதிரி.

இனி பிரெஞ்சு. இது எதுக்கு எண்டுதான் எல்லாரும் கேட்பாங்க, எனக்கும் கேட்டாங்க. என்ட மாமி பரிஸ்ல கனகாலமா இருக்கிறா, கடையில வேலை, பிரெஞ்சு நல்லாக் கதைப்பா. ஒருநாள் ரத்தம் சோதிச்ச ரிப்போட்டைப் போட்டோ எடுத்து களுவாஞ்சிக்குடியில இருக்கிற அவட தங்கச்சிக்கு வாட்ஸப்ல அனுப்பியிருக்கிறா, வெறும் வயித்துல எடுத்த சுகர் 1,42 எண்டு இருக்கு. இங்க எல்லாருக்கும் சுகர் எண்டா நூறு, நூத்தி இருபது எண்டுதானே பழக்கம், "ஒண்டரைகூட இல்லையே, ஆள் மயங்கி விழப்போறா, உடன சீனித்தண்ணி குடிக்கச் சொல்லு" எண்டு வீடே பதறுது. பிரான்ஸ்ல சுகரை ஒரு லீட்டருக்கு எத்தனை கிராம் எண்டு போடுவாங்க, நம்ம லாப்ல டெசிலீட்டருக்கு எத்தனை மில்லிகிராம், அதால நூறால பெருக்கணும், தசமப் புள்ளிக்கு அங்க கமா போடுவாங்க. அப்ப அது 142. வெறும் வயித்துல 126க்கு மேல போனா நீரிழிவா எண்டு பார்க்கணும், சீனித்தண்ணி குடிக்கவே கூடாது. பிரஷரும் அப்பிடித்தான், அங்க டொக்டர் "பதினாலு, ஒம்பது" எண்டு சொன்னா நம்ம கணக்குல 140க்கு 90. மாமிக்கு பிரெஞ்சு தெரியும் ரிப்போட் விளங்கல்ல, எனக்கு அப்ப பிரெஞ்சு ஏ2 அளவுதான், ஆனா விளங்கிச்சு, டொக்டரிட்ட திரும்பப் போங்க எண்டு சொல்ல முடிஞ்சுது. பரிஸ்ல நம்மட கடைகள் நிறைஞ்ச லா சப்பல் பக்கம் போனா எத்தனை நம்மட ஆக்கள், அவங்கள்ல வயசானவங்க எத்தனை பேர் கையில இப்பிடி ஒரு பேப்பரோட இருப்பாங்க எண்டு யோசிச்சுப் பாருங்க தங்கச்சி.

அதோட வேலை வாய்ப்பும் இருக்கு. சுனாமிக்குப் பிறகு நம்ம கரைப்பக்கம் வந்த எம்எஸ்எஃப் (எல்லைகளற்ற மருத்துவர்கள்) 1971ல பரிஸ்ல தொடங்கின அமைப்பு, அவங்க வேலை செய்யிற கொங்கோ, சாட், மத்திய ஆபிரிக்கக் குடியரசு போல இடங்கள்ல பிரெஞ்சுதான் ஓடும், அனுபவமுள்ள நேர்ஸுக்கு பிரெஞ்சும் தெரிஞ்சா அவங்களுக்குத் தேவையான ஆள். சுவிஸ்ல ஜெனீவா, லொசான் பக்கம் வேலையெண்டாலும் பிரெஞ்சு இல்லாம முடியாது.

பிரெஞ்சுக்குச் சோதனை எண்டா டெல்ஃப், பிரெஞ்சுத் தேர்ச்சிக்குச் சேர்ட்டிபிகேட் தாற சோதனை. ஏ1ல இருந்து பி2 வரை நாலு படி, அதுக்கு மேல டால்ஃப். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொண்டுக்கும் 25, மொத்தம் 100க்கு 50 எடுத்தாப் பாஸ், ஆனா ஏதாவது ஒண்டுல 5க்குக் குறைஞ்சாலும் ஃபெயில், அதால எழுத்தை மட்டும் மனப்பாடம் செஞ்சு தப்ப ஏலா. ஒருக்கா எடுத்தாக் காலாவதியாகாது, கம்பஸ்ல படிக்கேக்க எடுத்து வைக்கிறதுக்கு அதைவிட நல்ல விசயம் என்ன. பிரான்ஸ்ல மேல படிக்க அனேகமா பி2 கேட்பாங்க, அதுக்கு ஆரம்பத்துல இருந்து ஐந்நூறு, அறுநூறு மணித்தியாலம் படிப்பு வேணும் எண்டு கணக்கு. நம்ம பக்கத்துல ஆளைப் பார்த்துப் படிக்க வகுப்புத் தேடுறது கஷ்டம், பிரெஞ்சு படிப்பிக்கிற அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் நிலையம் கொழும்புலயும் கண்டியிலயும் இருக்கு. ஒன்லைன்ல டிவி5மொந்த் எண்ட பிரெஞ்சு டிவியிட பயிற்சிகள் ஃப்ரீ, ஆர்எஃப்ஐ எண்ட பிரான்ஸ் ரேடியோவில லேசான பிரெஞ்சுல பத்து நிமிசச் செய்தி ஒவ்வொரு நாளும் வருது, பஸ்ல கேட்டுட்டே வரலாம்.

உங்களுக்கு எண்டு சொல்றதெண்டா, இப்ப பயோவை மட்டும் படிங்க, அதுல ஒரு சொட்டும் குறைக்காதீங்க, ஜெனரல் இங்கிலிஷை மட்டும் விட்டுடாதீங்க. ஏ/எல் எழுதி முடிஞ்சு ரிசல்ட் வந்து கம்பஸ் தொடங்கும் வரைக்கும் எவ்வளவு காலம் சும்மா கிடக்கும் எண்டு உங்கட அக்காமாரைக் கேளுங்க, அந்த இடைவெளியில ஏ1, ஏ2 ரெண்டையும் முடிச்சுடலாம். முதலாம் வருசம் பிரெஞ்சைக் கையில வச்சிருந்தாப் போதும், ரெண்டாம் வருசத்துல இருந்து பி1க்கு இறங்குங்க. வீட்டுல கேட்டா ஹெல்த் சயன்ஸ்தான் படிக்கிறன் எண்டு சொல்லுங்க, அது உண்மைதானே.