பழைய புல்லட் சூடானதும் இழுவை போய்விடுகிறது, போர் போடத்தான் வேண்டுமா?

கேட்டவர் தருமபுரிக்காரர். 80-களில் வந்த, பாயிண்ட்ஸ் (பிளக்கில் பொறி வர, திறந்து மூடிக் கரண்டை வெட்டும் முனைகள்) வைத்த புல்லட் 350. காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது, பாலக்கோடு வரை ஒரு குறையும் இல்லை. அதற்குமேல் 60-இல் போன வண்டி 40-க்கு இறங்குகிறது. சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு வந்துவிடுகிறது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி பழையபடி ஓடுகிறது. கார்ப்பரேட்டர் சுத்தம் செய்தாயிற்று, பிளக் மாற்றியாயிற்று. மெக்கானிக் போர் போட, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடச் சொல்கிறார்.

இப்போதைக்குப் போர் போடாதீர்கள். தேய்ந்த போர் (சிலிண்டரின் உட்குழல்) ஆறின நிலையில்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். காலையில் உதைத்து உதைத்துக் கால் ஓயும், நீலப்புகை வரும், எண்ணெய் குறையும். சூடேறப் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறையுமே தவிர, கூடாது. உங்கள் வண்டி அதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது.

இந்த வகைக் கோளாறில் ஒரு தொல்லை உண்டு. வண்டி பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் ஆறிவிடும், அங்கே பார்த்தால் எல்லாமே சரியாக இருக்கும். அதனால்தான் கைக்குக் கிடைத்த கார்ப்பரேட்டரையே திரும்பத் திரும்பக் கழற்றுகிறார்கள். இழுவை போன அந்த நிமிடத்தில், ரோட்டோரத்திலேயே பார்த்தால்தான் பிடிபடும். பிளக் ஸ்பேனர், ஒரு நல்ல பிளக், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), புது கண்டன்சர் (பாயிண்ட்ஸில் பொறி தெறிக்காமல் காக்கும் சின்னக் குப்பி) ஒன்று, ஒரு முழம் ஒயர், அளவு போட்ட பிளாஸ்டிக் பாட்டில். இவ்வளவு டூல் பெட்டியில் இருந்தால் போதும். லாரிகள் வரிசையாக ஏறும் தொப்பூர் வளைவுகளில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். பென்னாகரம் ரோட்டில் நிழலாக ஒரு இடம் பார்த்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

வண்டி திணற ஆரம்பித்ததும் முதலில் காதைக் கொடுங்கள். ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் எஞ்சினில் குற்றமில்லை, கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் தள்ளுகம்பி சூட்டில் நீளும். கேபிளில் தளர்வே விடாமல் இறுக்கி வைத்திருந்தால் சூடானதும் கிளட்சைப் பாதி அமுக்கிப் பிடித்த கணக்காகிவிடும். லீவர் முனையில் 2, 3 மில்லிமீட்டர் தளர்வு வைத்தாலே பல வண்டிகள் சரியாகும். இன்னொன்று, நிறுத்தியவுடன் பின்சக்கர டிரம்மைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பிரேக் ஒட்டிக்கொண்டு இழுக்கிறது. சென்டர் ஸ்டாண்டு போட்டு நியூட்ரலில் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் தெரிந்துவிடும்.

சத்தமும் சேர்ந்து இறங்கினால் பெட்ரோல், கரண்ட், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) மூன்றில் ஒன்று. இதைப் பிரிக்க ஓடும்போதே ஒரு சோதனை இருக்கிறது. திணறும்போது சோக்கைப் பாதி போடுங்கள். சட்டென்று தெம்பு வந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது எங்கிருந்தோ காற்று புகுகிறது. இன்னும் மோசமானால் கரண்ட் பக்கம் போங்கள்.

பெட்ரோல் பக்கம் என்றால் முதல் சந்தேகம் டேங்க் மூடி. அதிலுள்ள சின்ன மூச்சுத்துளை தூசியிலும் துருவிலும் அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி வரத்து மெலியும். இது சூட்டால் வருவதல்ல, ஓடிய நேரத்தால் வருவது. ஆனால் ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். திணறியதும் நிறுத்தி மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும், உடனே வண்டி தெளியும். டேங்க் நிறைய இருக்கும்போது உள்ளே காற்றுக்கு இடம் குறைவு என்பதால் கோளாறு சீக்கிரம் வரும், பாதி டேங்கில் தாமதமாக வரும். உங்களுக்கும் அப்படி என்றால் மூடியேதான், ஊசியால் துளையைக் குத்திவிடுங்கள்.

மூடி சரி என்றால் வரத்தை அளக்க வேண்டும். கார்ப்பரேட்டர் முனையில் பைப்பைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு, டேங்க் மூடியை மூடியபடியே டேப்பைத் திறங்கள். ஏற்றத்தில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 50 வேகத்தில் எஞ்சின் குடிப்பது நிமிடத்துக்கு முப்பது, நாற்பது மில்லிதான். அதற்கு வெகு மேலாக, 200 மில்லிக்குக் குறையாமல் வந்தால் கவலையில்லை. முதல் அரை நிமிடம் நன்றாக வந்து பிறகு நூலாகிறதா என்றும் கவனியுங்கள். டேப்பின் வலையில் துரு சேர்ந்திருந்தால் அப்படித்தான் வரும். சுடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோலைத் திறக்கிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும். சாவி ஆஃபில் இருக்க வேண்டும், பாட்டில் சைலன்சர் பக்கம் போகவே கூடாது.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். எடைக் கணக்கில் சாதா பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இ20-க்கு அது ஏறத்தாழ 13.5 ஆகிறது. கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் அந்தக் காலத்து ஜெட் இதை அறியாது, அதே அளவுதான் ஊற்றும். ஆக வண்டி கொஞ்சம் வறண்டே (பெட்ரோல் குறைவாக, காற்று கூடுதலாக) எரிகிறது, எஞ்சின் கூடுதலாகச் சுடுகிறது. பிளக் முனை சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் கார்ப்பரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கிப் போடுங்கள். ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். முழு ஆக்சிலேட்டரிலும் போதவில்லை என்றால் மெயின் ஜெட் ஒரு நம்பர் பெரிதாக்கலாம். பழைய ரப்பர் பைப் எத்தனாலில் ஊறி உள்பக்கம் வீங்கிச் சுருங்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எப்படியும் மாற்றிவிடுங்கள்.

கார்ப்பரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் தடித்த ஃபைபர் பேக்கிங் இருக்க வேண்டும். ஹெட்டின் சூடு கார்ப்பரேட்டருக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். கழற்றி மாட்டும்போது அதைத் தொலைத்துவிட்டு வெறும் காகிதப் பேக்கிங் போட்டிருந்தால், பெட்ரோல் கிண்ணத்திலேயே கொதித்துக் குமிழி விடும். நட்டை அளவுக்குமேல் முறுக்கி ஃபிளாஞ்ச் வளைந்துபோன கார்ப்பரேட்டர்களும் நிறைய. ஐடிலிங்கில் ஓடும்போது அந்தச் சேர்க்கையைச் சுற்றி ஆயில் கேனால் நாலு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு, அதை மட்டும் செய்யாதீர்கள்.

இனி கரண்ட். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் எனக்கு இங்கேதான் சந்தேகம் அதிகம், அதிலும் கண்டன்சர் மேல். அதன் உள்ளே இருக்கும் காப்பு சூட்டில் கசிய ஆரம்பித்தால், பாயிண்ட்ஸ் திறக்கும்போது கரண்ட் வெட்டென்று நிற்காமல் முனைகளுக்கிடையே பொறியாகப் போய்விடும். பிளக்குக்குக் கரண்ட் தரும் காயிலில் உயர் மின்னழுத்தம் எழும்பாது. ஐடிலிங்கில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, இளைத்த பொறியும் தாண்டிவிடும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் திறந்ததும் அழுத்தம் கூடும், அதே பொறி தாண்டாது. நின்ற இடத்தில் அழகாக ஓடி, மேட்டில் மட்டும் படுப்பது இதனால்தான்.

பார்க்கும் வழி: வண்டி சூடாக இருக்கும்போதே பாயிண்ட்ஸ் மூடியைக் கழற்றி ஐடிலிங்கில் ஓடவிட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துளிப் பொறி இருந்தால் சரி. நீலவெள்ளையாகப் பளிச்சென்று அடித்தால், முனைகள் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டன்சர் போய்விட்டது. உறுதி செய்ய, பழையதன் ஒயரை விடுவித்துவிட்டுப் புதியதை வெளியே தொங்கவிட்டு இணையுங்கள். அதன் உடம்பு எஞ்சினில் நன்றாக எர்த் ஆக வேண்டும். பழையதைக் கழற்றாமல் பக்கத்தில் சேர்த்துக் கட்டினால் சோதனை பொய்க்கும், ஏனென்றால் கசிகிற கண்டன்சர் கசிந்துகொண்டேதான் இருக்கும். வண்டி தெளிந்துவிட்டால், புதியதை எஞ்சின் சூடு படாமல் காயில் பக்கமாக நிரந்தரமாகப் பொருத்துவது நல்லது. பழைய வண்டிக்காரர்கள் பலரும் செய்வதுதான்.

ஹெட்லைட் கூட்டில் இருக்கும் அம்மீட்டரைப் பலரும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். லைட்டை அணைத்து, சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்துங்கள். பாயிண்ட்ஸ் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லை என்றால் பாயிண்ட்ஸில் அழுக்கு, காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறது, அல்லது சாவி ஸ்விட்சில் தொடர்பில்லை. மைனஸிலேயே நின்றுவிட்டால் பாயிண்ட்ஸ் திறக்கவில்லை, இல்லையென்றால் அந்த ஒயரோ கண்டன்சரோ எர்த் ஆகிவிட்டது. இதை வீட்டில் ஒரு முறை, சூட்டில் ஒரு முறை செய்து ஒப்பிடுங்கள்.

பாயிண்ட்ஸ் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பிளக் 0.45 முதல் 0.50. பாயிண்ட்ஸின் ஃபைபர் கால் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் பின்தங்கும். பின்தங்கிய டைமிங் எஞ்சினைச் சுடவைக்கும், ஹெட்டோடு சேரும் இடத்தில் சைலன்சர் பைப் நீலம் பாயும். அந்தக் காலைத் தள்ளும் கேமில் தடவ ஒரு சிட்டிகை கிரீஸ் போதும், அதிகம் போட்டால் முனைகளுக்குத் தெறிக்கும். இடைவெளி வைத்த பிறகுதான் டைமிங்: அட்வான்ஸ் எடை (வேகம் கூடக் கூடப் பொறியை முன்கூட்டியே வரவைக்கும் பாகம்) முழுக்கச் சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட்ஸ் திறக்க ஆரம்பிக்க வேண்டும். அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கின்றனவா என்பதையும் அப்போதே விரலால் தள்ளிப் பாருங்கள்.

காயிலும் சூட்டில் மட்டும் அறும். மல்டிமீட்டரில் ஆறியபோது ஒரு அளவு, சூட்டில் ஒரு அளவு எடுங்கள். செம்பின் தடை டிகிரிக்கு 0.4 சதவீதம் ஏறும், 50 டிகிரிக்கு 20 சதவீதம் கூடியிருந்தால் அது இயல்பு. அதைத் தாண்டி எகிறினாலோ அளவே காட்டாவிட்டாலோ காயிலை மாற்றுங்கள்.

அடுத்து கம்ப்ரஷன். இழுவை போனதும் சாவியை ஆஃப் செய்துவிட்டுக் கிக்கர் மேல் ஏறி நில்லுங்கள். காலையில் உங்கள் எடையைத் தாங்கிய கிக்கர் இப்போது மெல்ல இறங்கினால் வால்வு சரியாக உட்காரவில்லை. இரும்பு சிலிண்டர் புல்லட்டில் டேப்பட் செட்டிங் (வால்வுக்கு விடும் தளர்வை வைப்பது) எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போதுதான். கம்ப்ரஷன் உச்சியில் வைத்து, வலப்பக்க டேப்பட் மூடியைக் கழற்றிப் புஷ்ராடை (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியை) இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சத்தம் வரக் கூடாது என்று யாராவது இறுக்கி வைத்திருந்தால் சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு நீண்டு திறந்தபடியே நிற்கும், நாளடைவில் கருகும். லேசான டிக் டிக் சத்தம் பழைய புல்லட்டுக்கு அழகுதான். டீகம்ப்ரஸர் (உதைக்கும்போது கம்ப்ரஷனைத் திறந்துவிடும் சின்ன வால்வு) கேபிளையும் மறக்காதீர்கள். 2 மில்லிமீட்டராவது தளர்வு இல்லாவிட்டால் அந்தச் சின்ன வால்வு சூட்டில் கசியும், ஹெட் பக்கம் சுர் சுர்ரென்று கேட்கும்.

கடைசியாகப் பிஸ்டன். போர் தேய்ந்தால் இந்த அறிகுறி வராது, போர் இறுக்கமாக இருந்தால் வரும். சமீபத்தில் யாராவது பிஸ்டன் மாற்றியிருந்தால் இதைக் கேட்டு வையுங்கள். யாரோ பிரேக் பிடித்ததுபோல் வண்டி இழுபடும், கிளட்ச் பிடித்ததும் எஞ்சின் நின்றுபோகும், கிக்கர் கல்லாக இருக்கும். அந்த நிலையில் முறுக்கி ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆயில் மேலே ஏறுகிறதா என்று ஹெட்டுக்கு ஆயில் கொண்டுபோகும் ராக்கர் பைப்பின் பாஞ்சோ போல்ட்டை (நடுவே துளையுள்ள போல்ட்டை) அரைச் சுற்றுத் தளர்த்தி, ஐடிலிங்கில் ஆயில் கசிகிறதா பாருங்கள். ஊற்ற வேண்டிய ஆயில் 20டபிள்யூ50 கிரேடு.

இத்தனையும் பார்த்தும் ஆறின நிலையில் கம்ப்ரஷன் குறைவாக, புகையோடு இருந்தால் அப்போது போர் போடலாம். லேத்துக்குக் கொடுக்கும்போது சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வாங்கிய பிஸ்டனையும் கூடவே கொடுத்து, அதை அளந்து அதற்கேற்றபடி போர் போடச் சொல்லுங்கள். பிஸ்டன் பெட்டியில் அச்சடித்த ஓவர்சைஸ் அளவை நம்பிப் போட்டால் பெரும்பாலும் இறுகித்தான் போகும்.