ரேஷனை நிறுத்தினால் பயம் போய்விடுமா?

கேள்வி: கொரோனா காலத்தில் வீடு வீடாக வந்து அழைத்தும், நம் குமரி மாவட்டத்தின் கடற்கரையிலும் மலையோரத்திலும் பலர் தடுப்பூசி போடத் தயங்கினார்கள். எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்று பெருமை பேசும் மாவட்டத்தில் இப்படி ஓர் அறியாமையா? இன்னொரு தொற்று வந்தால், ஊசி போடாதவர்களுக்கு ரேஷனை நிறுத்தினால் என்ன? மற்றொன்று, எஞ்சினீயரான என் மகன் தன் குழந்தைக்கு இரண்டாவது தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் போடாமல் தள்ளிக்கொண்டே போகிறான். அவனை என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை

பதில்: ரேஷனை நிறுத்தக் கூடாது ஐயா. தடுப்பூசி உயிர் காக்கும் என்பதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று, தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று தீர்ப்பளித்தது. அரசின் தடுப்பூசிக் கொள்கையில் அது குறை காணவில்லை. தொற்று தணிந்திருந்த அந்த வேளையில், ஊசி போடாதவர்களைப் பொது இடங்களில் தடுப்பதுதான் அளவுக்கு மீறியது என்றது. ஊசிக்குப் பின் ஏற்படும் பாதிப்புகளின் விவரங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்றும் சொன்னது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ரேஷன் அரிசியில் உலை வைப்பவர் யார்? ஓய்வூதியம் வாங்குகிற நீங்களோ, பத்திரிகை நடத்துகிற நானோ அல்ல. தண்டனை போய் விழுவது கூலிக்காரர் வீட்டில். பயந்திருப்பவரைப் பட்டினி போட்டால், பயத்தோடு கோபமும் சேரும். அதற்குப் பிறகு போலியோ சொட்டு மருந்துக்குக்கூட அந்த வீட்டுக் கதவு திறக்காது.

அறியாமை என்கிறீர்கள். 2021 ஜனவரி 16 அன்று நாடு முழுவதும் ஊசி போடும் பணி தொடங்கியபோது, முதல் வரிசையில் இருந்தவர்கள் மருத்துவர்களும் செவிலியர்களும். தமிழ்நாட்டில் அந்த முதல் நாட்களில் போட்டுக்கொள்ள வந்தவர்கள் மிகக் குறைவு. அவர்கள் படிக்காதவர்களா? கோவாக்சினுக்கு அந்த ஜனவரி 3 அன்று அனுமதி தரப்பட்டபோது, மூன்றாம் கட்டப் பரிசோதனையில் அது எவ்வளவு பலன் தந்தது என்ற முடிவு வரவில்லை. மருத்துவர்கள் பலர் அதைக் கேட்டார்கள், கேட்டது நியாயம். அதே கேள்வியை நம் கடற்கரை ஊரான தூத்தூரில் ஒரு விசைப்படகுத் தொழிலாளி கேட்டால் மட்டும் அதற்கு அறியாமை என்று பெயர் வைப்பது அநியாயம். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான் வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியையும் படிக்கிறார்.

மலையோரத்துத் தயக்கத்தில் பாதி, நேரத்தைப் பற்றியது. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி விடியும் முன்பே தோட்டத்தில் இருப்பார். மரம் மரமாக வெட்டிவிட்டு, பால் சிரட்டையில் வடிந்து முடியும்வரை காத்திருந்து, வாளியில் சேகரித்து, ஆசிட் கலந்து ஷீட்டுக்கு உறைய விட்டு நிமிர்வதற்குள் முற்பகல் போய்விடும். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் முகாமுக்கு அவர் எப்படி வருவார்? வந்தாலும் மறுநாள் காய்ச்சல் அடித்தால் கூலி போயிற்று. அப்படி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், கையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு மூதாட்டி கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்: "மக்களே, நாளைக்கு வெட்டப் போக முடியுமா?" செவிலியர், "முடியாமல் போகலாம் அம்மா. ஒரு நாள் உடம்பு வலிக்கும், காய்ச்சலும் வரலாம். மழை பெய்து வெட்டு நிற்கிற நாளாகப் பார்த்து வாருங்கள், உங்களுக்குப் போட்டுவிடுகிறேன்" என்றார். ஒன்றும் வராது என்று அவர் பொய் சொல்லவில்லை. இந்த மாவட்டத்தின் பொதுச் சுகாதாரத்தை இத்தனை காலமாகத் தாங்கிக்கொண்டிருப்பது இப்படிப்பட்ட பேச்சுதான்.

அந்தச் செவிலியருக்கும் ஒரு நெருக்கடி இருந்தது. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்து டோஸ். திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். மிஞ்சியதைக் கொட்டத்தான் வேண்டும். வீணானால் கணக்குக் கேட்பார்கள். ஆகவே ஆறேழு பேர் வந்தால், இன்னும் மூன்று பேர் சேரட்டும் என்று உட்கார வைக்க வேண்டியிருக்கும். கூலியை விட்டுவிட்டு வந்தவர் எத்தனை நேரம் உட்காருவார்? 2021 மே, ஜூனில் மருந்தே தட்டுப்பாடு. டோக்கன் கிடைக்காமல் திரும்பியவர்களையும் சேர்த்துத் தயங்கியவர்கள் என்று எழுதிவிட்டோம். இது நம் பத்திரிகைத் துறைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடற்கரைக்கு வேறொரு காயம் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது, எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆழ்கடல் படகுகள் புறப்பட்டுப் போயிருந்தன. காணாமல் போனவர்களைப் பெயர் பெயராகப் பட்டியலிட்டவை கடலோரத்துக் கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகள். அந்தக் கணக்கும் அரசின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. வீட்டு ஆணைக் கடலில் விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள், நான்கு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், அரசு சொன்னவுடன் கையை நீட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தோம். அங்கே ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பைவிடப் பங்குத்தந்தை திருப்பலி முடிவில் சொல்லும் அறிவிப்புக்கு மதிப்பு அதிகம். அன்பியம் என்னும், பங்கின் அக்கம்பக்கத்துச் சிறு குழுக் கூட்டத்தில் பக்கத்து வீட்டு அக்கா "நான் போட்டுக்கொண்டேன்" என்று சொல்வதற்கு அதைவிட அதிகம். தங்கல் மீன்பிடிப்புக்குப் போகிறவர் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. முகாமின் நாளைத் துறைமுகத்தைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

நடிகர் விவேக்கின் மரணம் நினைவிருக்கும். 2021 ஏப்ரல் 15 அன்று மக்களுக்கு முன்மாதிரியாக ஊசி போட்டுக்கொண்டார்; 17 அன்று மாரடைப்பில் காலமானார். ஊசிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் அரசும் உடனே சொன்னார்கள். ஆனால் தேசிய நிபுணர் குழு ஆராய்ந்து, தொடர்பில்லை என்று சொன்ன முடிவு மக்களுக்குத் தெரியவந்தது அக்டோபரில். ஆறு மாதம்! இரண்டாம் அலை வந்து, எத்தனையோ பேரைக் கொண்டுபோய், ஓய்ந்தும்விட்டது. வதந்தி பரவிய வேகத்தைக் குறை சொல்பவர்கள், பதில் வந்த வேகத்தையும் பார்க்க வேண்டும். கோவிஷீல்டால் மிக அரிதாக ரத்த உறைவு ஏற்படலாம் என்பதையும் முகாமிலேயே, எந்த அறிகுறி வந்தால் எங்கே ஓட வேண்டும் என்பதோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் அது தகவல். ஆண்டுகள் கழித்து, அந்த ஊசியை உருவாக்கிய ஆஸ்ட்ராஜெனகா நிறுவனத்தின் மீதான வழக்கில் லண்டன் நீதிமன்றச் செய்தியாக வந்தால், மறைத்துவிட்டார்கள் என்றுதான் மக்கள் நினைப்பார்கள்.

பரிசுத் திட்டங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சென்னையை அடுத்த கோவளம் மீனவர் ஊரில் 2021 ஜூனில் ஒரு தொண்டு அமைப்பு பிரியாணியும், குலுக்கலில் தங்கக் காசும் தந்தது, கூட்டமும் வந்தது. சோம்பலால் வராதவரைப் பரிசு கொண்டுவரும், அஞ்சி நிற்பவரைக் கொண்டுவராது. அதைவிட எனக்குப் பிடித்தது அரசு செய்த ஒரு சிறு மாற்றம். 2021 செப்டம்பர் 12 முதல் ஞாயிறுதோறும் நடந்த மெகா முகாமை அக்டோபரில் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஞாயிறு இறைச்சியும் மதுவும் என்று இருப்பவர்கள் அன்று ஊசிக்கு வரத் தயங்குகிறார்கள் என்று அமைச்சரே காரணம் சொன்னார். மக்களின் வழக்கத்தை ஏளனம் செய்யாமல், நாளை மாற்றினார்களே, அது சரியான வழி.

நம் மண்ணுக்கே இதில் பழைய அனுபவம் உண்டு. நம் மாவட்டம் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில், ராணி கௌரி லட்சுமி பாய் காலத்தில் அம்மைத் தடுப்பு வந்தபோது, ஊராரின் அச்சம் போக அரச குடும்பத்தினர் முதலில் போட்டுக்கொண்டார்கள். அரசு ஊழியர், மாணவர், சிறைக் கைதி ஆகியோருக்கு அதைக் கட்டாயமாக்கியது 1879இல், அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அப்போதும் ஊழியருக்கு விதித்தார்கள். பசித்தவன் அரிசியில் கை வைக்கவில்லை.

இனி உங்கள் மகன். கடற்கரைக்காரரிடம் அறியாமையைத் தேடிய நீங்கள், உங்கள் வீட்டு எஞ்சினீயரின் தயக்கத்தை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்? 2017 பிப்ரவரியில் இதே தட்டம்மை-ரூபெல்லா ஊசியைத் தமிழகப் பள்ளிகளில் போட்டபோதும், வாட்ஸ்அப்பைப் பார்த்து மறுத்த பெற்றோரில் படித்தவர்கள் ஏராளம். திட்டாதீர்கள், "எதற்குப் பயப்படுகிறாய்?" என்று கேளுங்கள். முதல் ஊசிக்குக் குழந்தைக்குக் கடும் காய்ச்சல் வந்திருக்கலாம், எதையாவது படித்திருக்கலாம். முதல் டோஸில் போதிய எதிர்ப்பாற்றல் உண்டாகாத சில குழந்தைகளுக்காகத்தான் இரண்டாவது டோஸ் என்பதைச் சொல்லுங்கள். நோயாளி ஒருவரிடமிருந்து, தடுப்பாற்றல் இல்லாத பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர்வரை தட்டம்மை தொற்றும். ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுக்கும். இரண்டாவது டோஸுக்கு உரிய வயது 16 முதல் 24 மாதம். தவறியிருந்தாலும் ஐந்து வயதுவரை அரசு நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள்.

பெரும்பாலான துணை சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். மகனைத் தன் சந்தேகங்களை எழுதி எடுத்துக்கொள்ளச் சொல்லி, நீங்களும் கூடவே போங்கள். கேள்விகளைச் செவிலியரிடம் அவரே கேட்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.