டயாலிசிஸ் வார்டில் ஒரு துக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் யூனிட்டில் ஸ்டாஃப் நர்ஸ். ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் நான்கு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வரவில்லை. போன் போட்டால் அவர் மகள் எடுத்து, “அப்பா ஞாயித்துக்கிழமையே இறந்துட்டாங்க சிஸ்டர்” என்றாள். மத்தியானத்துக்குள் வெயிட்டிங் லிஸ்டில் இருந்த ஒருவருக்கு அந்த பெட்டைக் கொடுத்துவிட்டோம். நான்தான் ஊசி போட்டேன். பக்கத்து பெட் தாத்தா “அவர் எங்கம்மா?” என்று கேட்டார். “வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்க” என்றேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

அன்று இரவு வீட்டில் அழுதேன். “அவர் நமக்கு என்ன சொந்தமா?” என்றார் கணவர். கோபத்தில் இல்லை, புரியாமல்தான் கேட்டார். இன்சார்ஜ் சிஸ்டர், “மனசுல ஏத்திக்காதே, அப்புறம் வேலை பார்க்க முடியாது” என்றார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு அம்மா இறந்துபோனார். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. ஃபைலை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். அழுததைவிட இதுதான் பயமாக இருக்கிறது. நான் மரத்துப்போய்விட்டேனா? அந்த அண்ணன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகலாமா? அது முறையா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், நான்கு வருடம். கணக்குப் போட்டால் நானூறு தடவைக்கு மேல் அந்த மனிதர் உங்கள் முன்னால் படுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவர் கையில் ஃபிஸ்டுலாவை, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடத்தைத் தொட்டு, உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஊசி போட்டிருப்பீர்கள். எடை எத்தனை கிலோ ஏறியிருக்கிறது, எந்தக் கல்யாண வீட்டில் தண்ணீர்க் கட்டுப்பாட்டை மறந்து மோர் குடித்தார், பிரஷர் இறங்கும்போது முகம் எப்படி மாறும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை கோயில் கொடையில் பார்க்கும் பங்காளிக்கு இதில் எதுவும் தெரியாது. ஆனால் அவருக்குத் தீட்டு உண்டு, சம்பந்தி வீட்டுக்குக் கோடி எடுக்கும் முறை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கூட வாசலில் வந்து உட்காரலாம். உங்களுக்கு மட்டும் அங்கே ஓர் இடம் இல்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த துக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் வெளியான ஒரு நூலில் இந்தவகைத் துக்கத்தைத் தனியாக எடுத்துப் பேசினார். இழப்பு நிஜம், வலியும் நிஜம், ஆனால் துக்கப்படும் உரிமை இவருக்கு உண்டு என்று சுற்றியிருப்பவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் வெளியே சொல்லவும் முடியாது, ஆறுதலும் வந்து சேராது. உங்கள் நிலைமை இதுதான். கணவரிடம் அந்த நானூறு தடவைக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். புரியாமல் கேட்டவருக்குப் புரியும்.

ஐ.சி.யூ.வில் மரணம் கண்முன்னால் நடக்கிறது. கையில் வேலை இருக்கிறது. முயற்சி செய்தோம், முடியவில்லை என்றாவது இருக்கும். உடலைச் சுத்தம் செய்து, குழாய்களை எடுத்து, உறவினரிடம் ஒப்படைப்பதுகூட ஒருவகை வழியனுப்புதல்தான். உங்கள் யூனிட்டில் பெரும்பாலும் மரணம் வேறெங்கோ நடக்கிறது. உங்களுக்கு வந்து சேர்வது ஒரு போன் செய்தி, அப்புறம் அடுத்த நோயாளி. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மெஷின் சும்மா நிற்கக்கூடாது. லிஸ்டில் காத்திருப்பவர் மூச்சுத் திணறலோடு காத்திருக்கிறார். அந்த பெட்டை அன்றைக்கே கொடுத்தது சரிதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட இல்லையே, அதுதான் தப்பு.

இன்சார்ஜ் சிஸ்டர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கும் யாரோ ஒரு மூத்த சிஸ்டர் இதையே சொல்லியிருப்பார். இந்த அறிவுரைக்கு வயது அதிகம். லண்டனில் ஒரு பெரிய போதனா மருத்துவமனையின் நர்ஸ்கள் வேலை பார்க்கும் விதத்தை இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் ஆராய்ந்து 1960இல் எழுதினார். அங்கே நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் பெட் நம்பராலும் நோயாலும் குறிப்பிட்டார்கள். ஒரே நர்ஸ் ஒரு நோயாளியை முழுமையாகக் கவனிக்காதபடி வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். நெருக்கம் வந்தால் வேதனை வரும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரியே தன்னையறியாமல் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தது. வேதனை குறைந்ததா என்றால் இல்லை. பயிற்சிக்கு வந்த நர்ஸ்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் முடிக்காமலே போனார்கள். நோயாளியோடு உறவு இல்லாமல் போனபோது அந்த வேலை தரும் நிறைவும் கூடவே போய்விட்டது என்கிறார் மென்சீஸ். அறுபது வருடம் கழித்தும் நம் வார்டுகளில் “ஏழாம் நம்பர் பெட்” என்றுதான் கூப்பிடுகிறோம்.

நீங்கள் தினமும் கையாளும் மெஷினுக்கும் இந்த அறிவுரைக்கும் ஆகவே ஆகாது. 1938இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் டாக்டரின் பொறுப்பில் 22 வயதுப் பையன் ஒருவன் சிறுநீரகம் செயலிழந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தான். செய்வதற்கு ஒன்றுமில்லை. அவன் அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அதை அவர் மனசில் ஏற்றிக்கொண்டார். 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு நடுவில், காம்பன் என்ற சின்ன ஊரில் சாசேஜ் உறையாகப் பயன்படும் செலோஃபேன் குழாயைச் சுற்றி, நடைமுறைக்கு உதவிய முதல் டயாலிசிஸ் மெஷினைச் செய்தார். முதல் இரண்டு வருடம் அதில் படுத்த ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். 1945இல்தான் 67 வயதுப் பெண் ஒருவர் உறுதியாகப் பிழைத்தார். துக்கத்திலிருந்து எல்லோரும் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மனசில் ஏற்றிக்கொண்டால் வேலை பார்க்க முடியாது என்பது உண்மையில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, அந்த அம்மா இறந்தபோது ஏன் எதுவும் தோன்றவில்லை? மனசு ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாது. துக்கத்துக்குள் போகும், வெளியே வந்து அன்றாட வேலையைப் பார்க்கும், மறுபடி போகும். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் இந்தப் போக்குவரத்தைத்தான் இயல்பான துக்கம் என்று விளக்கினார்கள். நீங்கள் முதல் இழப்பையே இன்னும் இறக்கி வைக்கவில்லை, அதற்குள் இரண்டாவது வந்துவிட்டது. ஒருநாள் டீ குடிக்கப் போனதால் யாரும் கல்லாகிவிடுவதில்லை. கல்லானவர் இதை நினைத்துப் பயந்து கடிதம் எழுதமாட்டார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ‘பர்ன்அவுட்’ என்பதை வேலை சார்ந்த நிலையாக வரையறுத்தபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது: தீராத களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பு தட்டுவது, நாம் செய்வதில் பயனில்லை என்ற எண்ணம். இவை வாரக்கணக்கில் நீடித்து, உயிரோடு இருக்கும் நோயாளி மேலேயே எரிச்சல் வர ஆரம்பித்தால் அது வேறு விஷயம். தொடர்ந்து ஷிஃப்ட், ஆள் பற்றாக்குறை, லீவு கேட்டால் கிடைக்காத நிலைமை என்று அதற்குப் பாதிக் காரணம் உங்களுக்கு வெளியே இருக்கும். அதை யோகா வகுப்பு நடத்திச் சரிசெய்துவிடலாம் என்று நிர்வாகம் நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்தத் தாத்தாவுக்குச் சொன்ன பதில் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, அது வார்டின் வழக்கம். ஆனால் அவருக்கு உண்மை தெரியும். டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் ஒருவர் வராத நாளை ஒருவர் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். ‘மாத்திட்டாங்க’ என்றால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். நாளைக்கு நான் போனாலும் இப்படித்தான் சொல்வார்கள் என்பது அவருக்கு அதில் கேட்டிருக்கும். அவரும் நான்கு வருடம் பக்கத்தில் படுத்திருந்த ஒருவரை இழந்திருக்கிறார். அவர் கேட்டால், குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லாத பட்சத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, “தவறிட்டார் தாத்தா” என்று சொல்லுங்கள். நோய் விவரம், காரணம் எதுவும் வேண்டாம். அவர் பயந்தால் கொஞ்ச நேரம் கூட இருங்கள். நீங்கள் இருவர் சேர்ந்து அந்த அண்ணனைப் பற்றிப் பேசுவதில் தப்பே இல்லை.

துக்கம் கேட்கப் போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். என் சித்தப்பா சில வருடம் டயாலிசிஸில் இருந்தார். அவர் இறந்தபோது அந்த யூனிட்டின் டெக்னீஷியன் தம்பி ஒருநாள் சாயங்காலம் வந்தார். வந்தவர்களில் சித்தி அதிக நேரம் பேசியது அவரிடம்தான். அத்தனை வருடமும் சித்தி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அந்த நான்கு மணி நேரம் சித்தப்பா உள்ளே என்ன பேசுவார், எதற்குச் சிரிப்பார் என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தம்பிக்குத்தான் தெரிந்திருந்தது. அதுபோல அந்த மகளுக்குத் தெரியாத அப்பா உங்களிடம் கொஞ்சம் இருக்கிறார். கூட ஒரு சிஸ்டரை அழைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால் டாக்டரிடம் கேட்கச் சொல்லிவிடுங்கள். குடும்பம் ஆஸ்பத்திரி மேல் கோபத்தில் இருந்தால் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

யூனிட்டில் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனத்தன் பார்டெல்ஸ் என்ற அவசரப் பிரிவு நர்ஸ் தொடங்கி வைத்த பழக்கம் அது. ஒருவர் இறந்ததும், அங்கிருப்பவர்களில் யாராவது கேட்டுக்கொள்ள, டாக்டர் முதல் எல்லோரும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அமைதியாக நிற்கிறார்கள். இறந்தவரையும், அவருக்காகத் தாங்கள் பட்ட பாட்டையும் நினைத்துக்கொள்கிறார்கள். பிறகு வேலைக்குத் திரும்புகிறார்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. உங்கள் வார்டில் அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைச் செய்யலாம். இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேசிப் பாருங்கள். அவரும் இத்தனை வருடத்தில் பலரை வழியனுப்பியிருப்பார், அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தூக்கம் பல நாளாக வராமல் போனாலோ, மருந்தில் கை தவறுகிறது என்று தோன்றினாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலோ காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம்தான், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். துக்கம் கேட்கப் போய்வந்த பிறகு முடிந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.